வாதியின் பெயர்

விடியற்காலையில் எழுந்து, கிணற்றடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தன் புருசன் சாவுக்குக் காரணமான ஆள் சுகமாயிருக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுகிற ஒருத்தியைப் பற்றி ஊர் என்ன நினைக்கும்? நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கொல்லயில் என்கிற இந்த ஊர் இதற்காக ரொம்பச் சிரமப்படவில்லை. சிஸ்டர் கூடோத்ரம் செய்கிறாள், செய்வினை வைக்கிறாள் என்று நினைத்தது. ஒருவன் பெயரை அவன் இல்லாத இடத்தில் உட்கார்ந்து நாள் தவறாமல் சொன்னால் அது அவன் கையையோ காலையோ முடக்கத்தான் என்பதில் இந்தப் பக்கத்து இந்துவுக்கும் கிறிஸ்தவனுக்கும் கருத்து வேற்றுமையே கிடையாது. கோயிலில் சத்ரு சம்ஹாரத்துக்குச் சீட்டு எடுக்கிறவர்கள் மனசுக்குள் ஒரு பெயரை வைத்துக்கொண்டுதான் எடுக்கிறார்கள். சில ஜெபவீடுகளில் அதையே மைக்கில் சொல்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரி இல்லை, நர்ஸ். பெயர் ஆனந்தபாய். நாக்பூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்துவிட்டு, அதே ஆஸ்பத்திரியின் மருந்து ஸ்டோரில் இருந்த புருசன் யோசுவாவோடு ஊர் திரும்பியவள். அவள் அப்பா எழுதிவைத்த பங்கில் வீடு கட்டிக்கொண்டார்கள். வந்து இறங்கிய நாளிலிருந்து ஊருக்கு அவள் சிஸ்டர். பிபி பார்க்க வருகிறவர்களுக்கு சிஸ்டர், சர்ச்சில் சிஸ்டர், ஸ்கூட்டரில் மீன் கொண்டுவருகிற ஷாஜிக்கும் சிஸ்டர். கனடாவில் இருக்கிற மகள் ஜோஸ்னாவுக்கு மம்மி. பெயர் சொல்லிக் கூப்பிட வீட்டில் ஒரே ஒரு ஆள் இருந்தார். போன வருசம் அவரும் போய்விட்டார்.

அவர் போன கதை ஒரு மதிலின் கதை. ஆனந்தபாயின் வீடு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, பொன்னப்பனின் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பொன்னப்பனின் நிலத்தை ஒட்டி ஒரு நடைவழி, அதில்தான் போகவேண்டும், வரவேண்டும். ஒரு ஆட்டோ நுழைகிற அளவுக்காவது அகலப்படுத்தித் தாருங்கள், நிலத்துக்கு என்ன விலையோ தருகிறோம் என்று யோசுவா கேட்டார். பொன்னப்பன் பாறசாலை டிப்போவில் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க எதிரே வருகிற வண்டிக்கெல்லாம் வழி விட்டவர், இனிமேல் ஒருத்தனுக்கும் விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தார் போலிருக்கிறது. முடியாது என்றார்.

யோசுவா சாதுவான மனுசன். ஆனால் சட்டம் என்றால் அவருக்கு ஒரு ருசி. நெய்யாற்றின்கரை கோர்ட்டில் வழிக்காக கேஸ் போட்டார். நிலம் ஆனந்தபாயின் பேரில் இருந்ததால் வாதி அவள். இங்கத்துக் கோர்ட்டு பாஷையில் எதிராளிக்குப் பெயர் பிரதி. பிரதிக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த நேரம்தான் கெட்ட நேரம். மகள் ஜிஜியின் கல்யாண நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், வாசலில் கோர்ட்டு ஆள் நின்று பொன்னப்பன் யாரு என்று கேட்கிறான். அந்த அவமானத்தை அவர் சிமென்ட் கட்டையாக மாற்றினார். நடைவழி ஓரமாக, தன் எல்லையில் ஒரு விரல்கடை கூட விடாமல், வழி திரும்புகிற முடுக்கிலும் அப்படியே மடக்கி, ஆள் உயரத்துக்கு மதில் எழுந்தது. அதற்குப் பிறகு அந்த வழியில் ஒரு பைக் வரலாம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும்.

யோசுவாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆம்புலன்ஸ் ரோட்டில் நின்றது. ஆட்கள் அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். முடுக்கில் நாற்காலி திரும்பவில்லை. முன்னே போனவன் பின்னே வந்து, பின்னே நின்றவன் இறக்கி, சாய்த்து, மறுபடி தூக்கி, இதற்கிடையே யோசுவாவின் தோள் மதிலில் இடித்தது. அவர் அப்போது, மெதுவாக என்கிற அர்த்தத்தில், ‘பதுக்கே’ என்றார். அதுதான் அவர் பேசிய கடைசி வார்த்தை. நெய்யாற்றின்கரை போய்ச் சேரும்முன் முடிந்துவிட்டது. மறுநாள் பெட்டி திரும்பி வந்தபோது அதுவும் முடுக்கில் திரும்பாது என்று தெரிந்து, தலைக்கு மேல் உயர்த்தி, மதிலுக்கு மேலாகக் கொண்டுவந்து, வீட்டு வடக்குப் பக்கம் குடும்பக் கல்லறையில் வைத்தார்கள். பொன்னப்பன் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் அடைத்துக் கிடந்தன.

வழி அகலமாக இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா? ஆனந்தபாய் நர்ஸ். பிழைத்திருப்பார் என்று சத்தியம் செய்ய அவளால் முடியாது, பிழைத்திருக்கமாட்டார் என்றும் முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடத்தில்தான் கோபம் குடிவந்தது. ஜோஸ்னா வந்து அழுதுவிட்டு, கூட வா என்று கூப்பிட்டுவிட்டு, லீவு முடிந்து போனாள். சர்ச்சிலிருந்து சில நாள் ஆள் வந்தார்கள். பிறகு வீட்டில் அவளும் கோபமும் மட்டும். காலையில் காப்பி போடும்போது அது கூட நின்றது. படுத்தால் பக்கத்தில் படுத்தது. கண்ணை மூடினால் ஒரு நாற்காலி முடுக்கில் நின்று திரும்பமாட்டேன் என்றது.

சத்துருவை நேசிக்கச் சபையும்தான் சொன்னது. எப்படி என்று சொல்லித்தரவில்லை. அதைச் சொல்லித்தந்தவள் வத்சலா மேஷ்ராம். நாக்பூர் ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்த்தவள், தீண்டாமையை உதறி ஊரோடு புத்தமதத்துக்கு வந்த குடும்பத்துக்காரி. துக்கம் கேட்க போன் பண்ணினவளிடம் ஆனந்தபாய், துக்கத்தைக் கூடத் தாங்கிக்கொள்ளலாம் வத்சலா, உறக்கம் வரவில்லை, ஒருத்தன் நாசமாய்ப் போகவேண்டும் என்று நினைத்து நினைத்து என் வாயே கசக்கிறது என்று இந்தியில் சொன்னாள். வத்சலா உபதேசம் எதுவும் செய்யவில்லை. டியூட்டி ரூமில் உட்கார்ந்து நான் செய்வேனே, அந்த மைத்ரி தியானம், ஞாபகம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

ஞாபகம் இருந்தது. நாலு பேருக்கு வரிசையாக நல்லது நினைக்கவேண்டும். முதலில் தனக்கு. அடுத்து பிரியமான ஒருவருக்கு. அடுத்து வேண்டியவரும் இல்லை, வேண்டாதவரும் இல்லை என்று ஒரு ஆளுக்கு. கடைசியில் பகையாளிக்கு. சுகமாயிருக்கட்டும், நோவில்லாமல் இருக்கட்டும், பகையில்லாமல் இருக்கட்டும், நன்றாய் உறங்கட்டும். அவ்வளவுதான். கெட்டவன் என்று ஒரு ஆள் நிரந்தரமாகக் கிடையாது, கெட்ட காரியம் உண்டு, காரியத்தின் நல்லதும் கெட்டதும் அதற்குப் பின்னால் இருக்கிற நினைப்பில் இருக்கிறது என்பாள் வத்சலா. மனசு வராவிட்டாலும் வாயால் சொல்லு, மனசு பின்னாலே நொண்டிக்கொண்டு வரும் என்றும் சொன்னாள்.

ஆனந்தபாய் இதில் இரண்டு திருத்தம் செய்தாள். வத்சலா மனசுக்குள் சொல்வாள். மிஷன் சபையில் வளர்ந்தவளுக்கு அது சரிப்படவில்லை. எங்கள் சபையில் சத்தமில்லாமல் ஜெபிக்கிறவரை உறங்குகிறார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள் என்று அவளே சொல்லிக்கொள்வாள். ஆகவே வாய்விட்டு. இரண்டாவது திருத்தம், தனக்கு என்பதை விட்டுவிட்டாள். ஜெபக்கூட்டத்தில் முதலில் தேசம், பிறகு மிஷனரிகள், பிறகு வியாதிக்காரர்கள், எல்லாம் முடிந்து நேரம் மிச்சமிருந்தால் அடியாளையும் நினைத்தருளும் என்று பழகின நாக்கு. எடுத்த எடுப்பில் ஆனந்தபாய் சுகமாயிருக்கட்டும் என்று ஆரம்பிக்க அவளுக்கு வெட்கமாயிருந்தது. பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து தனக்கே பரிமாறிக்கொள்கிற மாதிரி. நாக்பூரில் ஒருமுறை இதையே சொல்லிச் சிரித்தபோது வத்சலா சிரிக்கவில்லை. “ஆயிரம் வருசமாக எங்களுக்கு யாரும் நல்லது நினைக்கவில்லை. அதனால் முதல் வாய் எங்களுக்கு,” என்றாள். அது அவர்கள் சமாச்சாரம் என்று ஆனந்தபாய் விட்டுவிட்டாள்.

ஆக ஜோஸ்னா, மீன்காரன் ஷாஜி, பொன்னப்பன் என்று மூன்று பேர். விடியும் நேரம், கிணற்றடி. கிணற்றை ஒட்டித்தான் மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் பொன்னப்பன் படுக்கிற அறையின் ஜன்னல். வேறு இடமா இல்லை வீட்டைச் சுற்றி? பலாமரத்தடி இருந்தது, முன்வாசல் இருந்தது. அவள் கிணற்றடிக்குத்தான் போனாள். ஏன் என்று அப்போது தன்னையே கேட்கவில்லை. முதல் நாள் ‘பொன்னப்பன்’ என்பதற்கு மேல் வாய் ஓடவில்லை. அடுத்த நாள் ‘சுகமாயிருக்கட்டும்’ வரை போனது. மழைக்காலம் முடிவதற்குள் நாலு வரியும் தடங்கலில்லாமல் வந்தது. உறக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. நல்ல மருந்துதான் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் பொன்னப்பனுக்குச் சர்க்கரை ஏறி, காலில் புண் வந்து, ஆறாமல், ஒரு விரலை எடுக்கவேண்டி வந்தது. சேதி சொன்னவன் ஷாஜி.

சில நாள் கழித்துப் பொன்னப்பனின் மனைவி சத்யபாமா வழியில் வந்து நின்றாள். மதில் எழுந்த பிறகு அவள் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“சிஸ்டரே, நான் சண்டைக்கு வரல்ல. ஒரு காரியம் சொல்லிட்டுப் போலாம்ணு வந்தேன். விடியக்காலத்த அவருக்க பேரச் சொல்லுகத நிறுத்தணும்.”

ஆனந்தபாய்க்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பதறிப்போய், அது நல்லதுக்காக்கும், கெட்டதுக்கு இல்லை என்று சொன்னாள்.

“நல்லதுக்கா? உங்களுக்க ஆளு போனது எங்களுக்க மதிலாலயாக்கும்ணு ஊரு பூரா சொல்லுது. பின்ன நீங்க எங்களுக்கு நல்லது நெனைப்பீங்களா? நான் என்ன சின்னப் பிள்ளையா?” சத்யபாமாவின் குரல் உயரவில்லை. “ஜோத்ஸ்யரு பிரஸ்னம் வச்சுப் பாத்தாரு. வடக்கு மேற்குல இருந்து ஒரு பெண்ணுக்க நாவு தோஷம்ணு சொன்னாரு. விரல எடுத்தாச்சு, இனி பாதமாக்கும்ணு ஆஸ்பத்திரியில சொல்லுகினும். எனக்கு அவரு வேணும் சிஸ்டரே. உங்களக் கும்பிடுகேன்.”

நிஜமாகவே கும்பிட்டாள். பிறகு வந்த வழியே, மதிலில் தோள் படாமல் ஒதுங்கி நடந்து போனாள்.

இதைக் கேட்டுச் சிரித்திருக்கலாம். புத்தனுடைய மருந்தைக் கொண்டுவந்து கொல்லயிலில் கொடுத்தால் அது கூடோத்ரம் ஆகிவிடுகிறது, இதை வத்சலாவிடம் சொன்னால் வயிறு குலுங்கச் சிரிப்பாள். ஆனால் ஆனந்தபாய்க்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு ஒரு நெய்மீன் ஞாபகம் வந்தது. விரலை எடுத்த சேதியை ஷாஜி சொன்ன அன்று அவள் வழக்கமாக வாங்குகிற சாளையை வேண்டாம் என்று சொல்லி, விலை கூடிய நெய்மீன் துண்டு வாங்கினாள். தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தாள். யோசுவா போனபிறகு பாதிச் சோறு கூட இறங்காதவள் அன்றைக்கு இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டாள். எதற்காக அந்த நெய்மீன் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால், தெரியவில்லை, தோன்றியது என்றிருப்பாள். இப்போது தெரிந்தது. அது விருந்து. வாய் காலையில் நோவில்லாமல் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறது, வயிறு மத்தியானம் அவன் நோவைக் கொண்டாடியிருக்கிறது. கிணற்றடிக்கு ஏன் போனாள் என்பதும் தெரிந்தது. அவன் கேட்கவேண்டும். கேட்டு, இவள் நல்லவள், நான் கெட்டவன் என்று அவனுக்கு உறைக்கவேண்டும். நல்லதும் கெட்டதும் நினைப்பில்தான் இருக்கிறது என்றால், சத்யபாமா சொன்னதில் என்ன பிழை? ஜோத்ஸ்யர் கூடத் திசையைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

வெட்கத்தில் அவள் நாற்காலியை எடுத்து உள்ளே போட்டுவிட்டாள். பெயர் சொல்வது நின்றது.

நிறுத்தினால் மட்டும் நல்லவளாகிவிட முடியுமா? மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது வரிக்குள் மனசு முடுக்கில் போய் நின்றுகொண்டது. உறக்கம் போயிற்று. விடிகிற நேரத்தில் செய்ய ஒன்றும் இல்லாமல் அடுப்படியில் நின்றாள். பேசுவதற்கு ஷாஜி ஒருவன், அவனும் என்ன மீன், எவ்வளவு என்பதற்கு மேல் நிற்கமாட்டான். ஞாயிற்றுக்கிழமை ஜோஸ்னா கூப்பிட்டு மம்மி சாப்பிட்டியா என்பாள். சாப்பிட்டேன் என்பாள். சொல்லப்போனால், தினமும் காலையில் அவள் வாயிலிருந்து முழுசாக வந்த பேச்சு அந்த மூன்று பெயர்கள்தான் என்பது நிறுத்தின பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. ஒரு பகையாளியின் பெயர் கூட இல்லாத வீடு எவ்வளவு பெரிய வீடு.

சத்யபாமா மகள் ஜிஜியின் பேறுகாலத்துக்காக பெங்களூர் போனாள். அதியன்னூரிலிருந்து ஒரு சொந்தக்காரப் பெண் பகலில் வந்து பொன்னப்பனுக்குச் சோறு வைத்துவிட்டு, வெயில் தாழ்வதற்குள் பஸ் பிடித்துப் போனாள். இதையும் ஷாஜிதான் சொன்னான்.

ஒரு நாள் விடியலில் ஆனந்தபாய் கிணற்றில் வாளியைப் போட்டபோது மதிலுக்கு அந்தப்புறம் யாரோ செருமினார்கள்.

“சிஸ்டரே.”

அவள் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள்.

“அங்க உண்டுண்ணு எனக்குத் தெரியும். வாளிச் சத்தம் கேட்டுது. இப்ப பேரு சொல்லுகது இல்லியா?”

“உங்களுக்க வீட்டுக்காரி வந்து விலக்கினா.”

“அது அவளுக்க பயம். நான் விலக்கல்லியே.”

பிறகு பொன்னப்பன் ஜன்னலருகே இருந்துகொண்டு பேசினார். பஸ்ஸில் ஒரு காலத்தில் கடைசி சீட்டு வரை கேட்ட குரல், இப்போது மதிலைத் தாண்டவே சிரமப்பட்டது. முதலில் அவருக்கும் பயமாகத்தான் இருந்ததாம். காதைப் பொத்திக்கொண்டு கிடந்தாராம். பிறகு, சாபம்தானே, என்னதான் சொல்லுகிறாள் என்று கேட்டுவிடுவோம் என்று கேட்டாராம். கேட்டால் அதில் சாபத்துக்கான ஒரு வார்த்தை கூட இல்லை. தந்திரமாக்கும் என்று சில நாள் நினைத்தார். அப்புறம் நினைப்பதை விட்டுவிட்டார். காலில் வலி எடுத்து ராத்திரி முழுக்க உறங்காமல் கிடக்கிறவருக்கு, இனி கொஞ்சத்தில் பேர் சொல்லுவாள், விடிந்துவிடும் என்று ஒரு கணக்காயிற்று. டிப்போவில் டிரைவர் என்பார்கள், சத்யபாமா பெயர் சொல்லாமல் இஞ்ச கேக்கணும் என்பாள், ஜிஜிக்கு அச்சன், ஆஸ்பத்திரியில் சுகர் பேஷன்ட். பொன்னப்பன் என்று ஒரு ஆள் இருக்கிறான் என்பது காலையில் ஒரு தடவைதான் அவருக்கே ஞாபகம் வந்ததாம்.

ஆனந்தபாய்க்கு இதைக் கேட்டு மனசு இளகியிருக்கவேண்டும். இளகவில்லை. கோபம் வந்தது. இத்தனை நாளும் நாலு வரிக்குள் மடித்து வைத்திருந்ததெல்லாம் ஒன்றாக எழுந்து வந்தது. யோசுவாவின் உசிரை எடுத்துவிட்டு, இப்போது தன் உறக்கத்துக்கு அவள் நாக்கும் வேண்டுமாம்.

“உங்களுக்க மதிலுல அவருக்க தோளு இடிச்சுது. பதுக்கேண்ணு சொன்னாரு. பின்ன பேசல்ல. அது உங்களுக்குத் தெரியுமா?”

 போய்விட்டான் போலிருக்கிறது என்று அவள் வாளியைத் தூக்கினாள்.

“தெரியும்,” என்றது குரல். “நான் உள்ள நிண்ணு கேட்டேன். நம்ம முற்றத்து வழியா எடுத்துட்டுப் போங்கண்ணு சொல்லத்தான் எழும்பி வந்தேன். வந்து கதவுக் கொண்டியில கை வச்சேன். தொறக்கல்ல.”

“என்னத்துக்கு?”

“தொறந்தா வழி குடுத்ததா ஆயிப்போகும்லா. கேஸு நடக்குகு.”

அவள் வாளியைக் கிணற்றுக் கட்டிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று முழுக்க அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. ஷாஜி ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனான். இவ்வளவு நாளும் அவள் மனசில் இருந்த பொன்னப்பன், ஜன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே சிரித்தபடி உட்கார்ந்திருந்த ஒருவன். அவனை வெறுப்பது சுலபமாயிருந்தது. இப்போது கதவுக் கொண்டியில் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்கிறான். இதை வெறுக்க முன்னைவிடக் கூடுதல் பலம் வேண்டியிருந்தது, மன்னிக்க அதைவிடக் கூடுதல். திறக்காமல் விட்ட கை எத்தனை கெட்டது? திறக்க வந்த கை எத்தனை நல்லது? வத்சலாவைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று போனை எடுத்தாள். அவள் என்ன சொல்லுவாள் என்று தெரிந்ததும் வைத்துவிட்டாள். சாயங்காலம் வடக்குப் பக்கம் போய்க் கல்லறைமேல் விழுந்திருந்த பலா இலைகளைப் பொறுக்கினாள். யோசுவாவாக இருந்தால், கொண்டியில் கை வச்சதாகப் பிரதி ஒத்துக்கொண்டது நம்ம கேஸுக்குப் பலம் என்று சொல்லியிருப்பார். அதை நினைத்து அழுதாள்.

மறுநாள் விடியலில் நாற்காலியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். இதற்கு இரக்கம் என்று பெரிய பேர் எதுவும் வைக்க வேண்டாம். வீட்டுக்குள் இருக்க முடியவில்லை, அதுதான். உட்கார்ந்தாள். ஜோஸ்னாவுக்குச் சொன்னாள். ஷாஜிக்குச் சொன்னாள். நிறுத்தினாள்.

கோபம் அப்படியே இருந்தது. அதை இன்றைக்கு அவள் ஒளிக்கவில்லை. இவன் நல்லவனாக வேண்டாம், நான் நல்லவளாகவும் வேண்டாம், கேட்டு உறைக்கவும் வேண்டாம், காலில் வலி இருக்கிறது, அது குறையட்டும். நர்ஸாக இருந்தவளுக்கு அந்த அளவுக்கு நினைக்க முடிந்தது.

“பொன்னப்பன்,” என்றாள்.

“ஓ,” என்றது மதிலுக்கு அந்தப்புறம். பள்ளிக்கூடத்தில் பேர் வாசித்தால் சொல்லுகிற மாதிரி.

“சுகமாயிருக்கட்டும்.”

“ஓ.”

நோவில்லாமல் இருக்கட்டும் என்றாள். அதற்கும் ஓ என்றார். பகையில்லாமல் என்று சொல்லும்போது அவள் குரல் இடறியது. அந்தப் பக்கமும் ஓ வரக் கொஞ்சம் தாமதித்தது. உறக்கத்தையும் சொல்லி முடித்து நாற்காலியைத் தூக்கினாள்.

“தீந்துதா?” என்றார் பொன்னப்பன்.

“தீந்துது.”

“மதில இடிக்கச் சொல்லாதீங்க சிஸ்டரே. அது கோர்ட்டு சொல்லட்டு. நான் சொல்ல வந்தது வேற.” செருமினார். “ஒரு பேரு விட்டுப்போச்சு.”

“யாருக்க பேரு?”

“நானும் இத்தற நாளும் கேட்டுட்டுக் கெடக்கேன். மகளுக்குச் சொல்லுதீங்க. மீன்காரனுக்குச் சொல்லுதீங்க. எனக்குச் சொல்லுதீங்க. பிரதிக்கு மட்டும் போதுமா? வாதிக்கு வேண்டாமா?”

ஆனந்தபாய் நாற்காலியைக் கீழே வைத்தாள். வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. மதிலின் சிமென்ட் கட்டைகளில் ஈரம் இறங்கி, அடியில் பாசி பிடிக்கத் தொடங்கியிருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

“எனக்குச் சொல்ல மாட்டேன்,” என்றாள். “சொல்லிப் பழக்கமில்ல.”

“பேரு எனக்குத் தெரியும். நோட்டீசுல மேல உங்களுக்க பேரு, கீழ எனக்க பேரு. கிழிச்சுப் போடணும்ணுதான் நெனச்சேன். வாசிச்சு வாசிச்சுப் பாடமாயிப்போச்சு.” கட்டிலோ நாற்காலியோ கிரீச்சிட்டது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்து நிற்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தக் காலில் நிற்கக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் தொடங்கிவிட்டார்.

“ஆனந்தபாய் சொகமா இருக்கட்டு.”

யோசுவா போனபிறகு அந்தப் பெயரை ஒரு மனுசன் வாயிலிருந்து அவள் கேட்கவில்லை. எந்த வாயிலிருந்து கேட்கவே கூடாதோ அந்த வாயிலிருந்து வந்தது. அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. இந்தப் பெயரைச் சொல்ல இவன் யார் என்று கேட்கத்தான் மூச்சை இழுத்தாள். இழுத்த மூச்சு பேச்சாக வரவில்லை, அழுகையாக வந்தது. அதைக் கேட்டிருப்பார். கேட்டும் நிறுத்தவில்லை. அடுத்த வரி என்ன என்று தேடிக்கொண்டு நின்றார்.

“ஆனந்தபாய் நோவில்லாம இருக்கட்டு,” என்றார்.

வாதி கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மதில் இருந்தது, வடக்கே கல்லறை இருந்தது, கேஸ் நடந்துகொண்டிருந்தது.

“ஓ,” என்றாள்.